கல்லுக்கு எதிரே போட்ட நாற்காலி

அந்தக் கருங்கல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுகை வர வேண்டிய இடம். என் தம்பியின் பெயர் அதில் நாலாவதாக இருக்கிறது. கொல்லிமலையிலிருந்து பட்டாளத்துக்குப் போய்த் திரும்பி வராத நாலு பேருக்கும் சேர்த்து எழுப்பிய போர் நினைவுச் சின்னம். பஸ் திரும்புகிற இடத்தில், சுற்றிலும் கம்பி வேலி போட்டு, கொடிக்கம்பம் நட்டு, கல்லை மெருகேற்றிப் பளபளவென்று நிறுத்தியிருக்கிறார்கள். வேலிக்குப் பூட்டு. சாவி கீழே சேந்தமங்கலத்தில் இருக்கிறது.

அந்தக் கல் வரக் காரணமே நான்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன், மனு எழுதக் கை வரும். தம்பி எல்லையில் குண்டடி பட்டுச் செத்து, பெட்டியில் வந்து இறங்கி, காரியம் முடிந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். எத்தனை தடவை மலையிறங்கியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே போய், ஆபீஸ் வாசலில் வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே நுழைவேன். அவன் பெயரை ஒருத்தரும் மறந்துவிடக் கூடாது என்ற ஒரே வெறி. அவன் விட்டுப்போன உயிருள்ள ஒருத்தி என் வீட்டிலேயே இருந்தாள். அவளைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

தம்பி மனைவிக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பிள்ளை இல்லை. அவன் லீவில் வந்த நாட்களைக் கூட்டினால்தான் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த கணக்கு வரும்.

எங்கள் மலையில் தாலி அறுத்தவள் மறுபடி கட்டிக்கொள்வது ஒரு விஷயமே இல்லை. கீழே இருக்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எங்களுக்கு அது ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி, இரண்டு வீட்டாரும் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்த சமாச்சாரம். கல்லில் முதலாவதாக இருக்கிறவர் அந்தக் காலத்துச் சண்டை ஒன்றில் செத்தவர். அவர் மனைவி அடுத்த வருடமே இன்னொருவரைக் கட்டிக்கொண்டு, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அவரை இந்த மலையில் யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அப்போது கல் இல்லை.

தம்பி போய் ஒரு வருடம் ஆனதும், ஒரு தை மாதத்தில், எங்கள் மலையிலேயே இன்னொரு பகுதியான திருப்புலி நாட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை மிளகும் மரவள்ளியும் போடுகிறவர், வாய் அதிகம் பேசாதவர். அவளுக்கும் பிடித்திருந்தது. எங்கள் அம்மாவும் அப்பாவும் எப்போதோ போய்விட்டதால் மூத்தவளான நான் சரி என்றால் போதும். நான் சொன்னது இது.

"கல்லு தெறக்கற வரைக்கும் பொறு கண்ணு. தெறப்பு விழாவுல நீ இல்லாட்டி நல்லாவா இருக்கும்?"

"செரிங்க அண்ணி," என்றாள்.

அடுத்த வருடம் குடியரசு தினத்தில் கல்லைத் திறந்தார்கள். விழாக் கமிட்டியின் தலைவர் கீழே கடை வைத்திருக்கிறவர். பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவர். கல்லுக்கு நேர் எதிரே பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, வெள்ளைத் துணி போர்த்தி, அதில் அவளை உட்கார வைத்தார். வெளிர் நிறத்தில் புடவை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். அவள் பொட்டு வைத்திருந்தாள். எங்கள் பழக்கம் அது. கீழேயிருந்து வந்த ஒரு அம்மாள், போட்டோவில் நன்றாக இருக்காது என்று தன் முந்தானையாலேயே அதைத் துடைத்துவிட்டார். மைக்கில் "வீரப் பத்தினி" என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அதே தையில் திருப்புலி நாட்டுக்காரர்கள் மறுபடி வந்து கேட்டார்கள். விஷயம் தலைவர் காதுக்கு எட்டிவிட, ஜீப் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நானும் அவளும் களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"ஏனுங்கம்மா, தியாகியோட சம்சாரம் இன்னொருத்தன் பக்கத்துல போயி நின்னா நாட்டுக்கே அசிங்கமில்லீங்களா? அப்புறம் யாருங்க புள்ளயப் பட்டாளத்துக்கு அனுப்புவாங்க?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் மிளகைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவர் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார். திருப்புலி நாட்டுக்காரர்களும் வந்த வழியே போனார்கள். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, கொடியேற்றுகிற நாளெல்லாம், அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது தையில் அவர்கள் சொல்லி அனுப்புவதற்குள் நானே முந்திக்கொண்டேன். கீழேயிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. "இந்த ஒரு தடவ மட்டும் கண்ணு," என்றேன். செரிங்க என்று அவள் சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் வந்து தகவல் சொன்னாள்.

"திருப்புலி நாட்டுல, அவிங்க ஊட்டுலயே வெச்சுக்கறோமுங்க அண்ணி. இருவத்தாறாந் தேதி."

"அன்னைக்குத்தான கொடியேத்தறாங்க?"

"தெரியுமுங்க. வாரதுன்னா வாங்க."

சுருக்கென்று இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தலைவர் மூஞ்சிக்கு நேராக இதை நானே சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். நாட்டுக்கு அசிங்கம் என்று அந்த ஆள் வாயைத் திறக்கட்டும், மலையேறி வந்ததையே மறக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று இரண்டு வாரமாக மனதுக்குள் பேசிப் பார்த்தேன். அன்று காலை தம்பிக்குப் போட ஒரு முழம் பூ வாங்கிக்கொண்டு கல்லடிக்குப் போனேன்.

"எங்கீங்க, இன்னுங் காணோம் அந்தப் புள்ளய?" என்றார் தலைவர்.

"அவளுக்கு இன்னைக்குக் கல்யாணம்."

அவர் என்னைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப நீங்க உக்காருங்க," என்றார். மைக் பிடித்திருந்தவரிடம் திரும்பி, "பத்தினிய எடுத்துப்போட்டுச் சகோதரின்னு படிச்சுருப்பா," என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடமாக நாட்டின் மானத்தையே தாங்கிக்கொண்டிருந்த விஷயம், டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அவர்களுக்கு அவளே வேண்டும் என்றில்லை. நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இதற்காகவா ஐயா அந்தப் பெண்ணின் நெற்றியைத் துடைத்தீர்கள்?

நான் கேட்க நினைத்த நாலு கேள்விக்கும் இடமே இல்லாமல் போய்விட்டது. யாரோ தோளில் சால்வையைப் போட்டு அழுத்தினார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிற இடம் அது. தண்ணீர் கேட்க முடியாது, சிரிக்க முடியாது, கொசு கடித்தால் சொறியக்கூட முடியாது. செல்போனை நீட்டிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பெண்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். தம்பி செத்து ஐந்தாவது வருடம் நடக்கிறது. காலையில் நான் இட்லி தின்றுவிட்டு நன்றாகத்தான் கிளம்பியிருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே, நான் எதற்கும் உதவாத ஒரு ஜென்மம் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

பேச வந்தவர், இவர்கள் உயிரைக் கொடுத்ததால்தான் நாம் இன்று நினைத்தபடி வாழ்கிற சுதந்திரம் இருக்கிறது என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார் நினைத்தபடி? என் தம்பி பட்டாளத்துக்குப் போனது மாசச் சம்பளத்துக்கு. நாட்டுக்காகப் போகிறேன் என்று அவன் ஒரு நாளும் பீற்றிக்கொண்டதில்லை. யார் யாரோடு வாழ்ந்தால் உனக்கென்ன அக்கா என்று கேட்கிற ஜென்மம் அவன். அவன் சாவைக் காட்டித்தான் அவளை இங்கே உட்கார வைத்தோம். அவர் சொன்ன சுதந்திரம் எங்கள் மலையில் ஏற்கெனவே இருந்ததுதான். அதற்கு நாங்கள் கொடியும் ஏற்றவில்லை, பெயரும் வைக்கவில்லை. ஒரு பெண் தனக்குப் பிடித்தவனைச் சொன்னால் வெற்றிலை பாக்கு மாற்றினோம். அதை எடுத்துக்கொண்டது எந்த எதிரியும் இல்லை. மனு எழுதி மனு எழுதி, வாந்தி எடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பேச்சு நடுவில் எழுந்தேன். சால்வையை மடித்து வைத்துவிட்டு, வாங்கி வந்த பூவைத் தம்பி பெயருக்குக் கீழே போட்டேன்.

"எங்கீங்க போறீங்க?" என்று தலைவர் பல்லைக் கடித்தார்.

"கல்யாணச் சாப்பாட்டுக்கு," என்றேன். மைக்கிலும் கேட்டிருக்கும்.

நான் ஜீப் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் தாலி கட்டி முடிந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்தேன். கல்யாணப் பெண் நீ, உட்காரு என்று யாரோ அதட்டியும் கேட்காமல், அவளே சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் புடவை, நெற்றியில் பெரிய பொட்டு. என் இலைக்கு எதிரே குனிந்தாள்.

"ரெண்டு வருசம் உன்னக் காக்க வெச்சுட்டேன் கண்ணு," என்றேன். "மனசுல வெச்சுக்காத."

"மூணுங்க அண்ணி."

"கல்லு தெறக்கட்டும்னேன். போன வருசம் அந்த ஆபீசர் வாராருன்னேன். ரெண்டு தடவதான?"

அவள் கரண்டியைச் சாய்த்துச் சோற்றின் மேல் ஊற்றினாள். குரலில் கோபம் இல்லை.

"நடுவுல ஒரு வருசம் நீங்க ஒண்ணுமே சொல்லலீங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.