அன்று கார் பழுதாகவில்லை

என் மகள் ரயிலைத் தவறவிட்டாள். தவறவிடச் செய்தவன் நான்! கார் வழியில் நின்றுவிட்டது என்று இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேனே, அது பொய். கார் தானாக நிற்கவில்லை. நான் நிறுத்தினேன்.

என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

மயிலாப்பூரில் நான் ஒரு சாதாரண வக்கீல். கோமு சிறு குழந்தையாக இருந்தபோதே அவள் தாய் போய்விட்டாள். வீட்டில் நானும் கோமுவும். பிறகு ஒரு பழைய கார். சீமைக்குத் திரும்பிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போன வண்டி அது. அதற்கு இல்லாத நோய் இல்லை. லஸ் முனையைத் தாண்டுவதற்குள் ரேடியேட்டர் கொதிக்கும். மழை நாளில் பிளக்குகளில் ஈரம் ஏறிவிட்டால், முன்னால் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி என் தோள் இற்றுப் போகும். டயர் ட்யூபிலோ ஒட்டின் மேல் ஒட்டு!

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்குக் கார்தான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோமு பிளக்குகளை உப்புத்தாளால் தேய்ப்பாள். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, காற்று எங்கே குமிழிடுகிறது என்று கண்டுபிடித்துக் கத்துவாள். பெண் பார்க்க வந்தார்களே, அன்றுகூட அவள் நகக்கண்ணில் கிரீஸ்! வந்தவர்களில் அதைக் கவனித்துச் சிரித்தவள், பிற்பாடு அவளுக்கு மாமியாராக வந்த அந்த அம்மாள் ஒருத்திதான்.

கல்யாணமாகிக் கோமு நாகபுரிக்குப் போனாள். அந்த அம்மாளைப் பற்றி எப்படிச் சொல்வேன்? தாயில்லாப் பெண் என்று என் மகளை மடியில் போட்டுக்கொண்டவள். தினமும் தலை பின்னிவிட்டவள். கோமு அவளை ‘அம்மா’ என்றுதான் கூப்பிட்டாள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது... சந்தோஷம் மட்டும்தானா? இப்போது எனக்கே நிச்சயமில்லை.

அந்த வருஷம் கோடையில் கோமு என்னோடு இருக்க வந்தாள். வந்த சில நாட்களிலேயே, அம்மாவுக்கு மறுபடி மூச்சிரைப்பு வந்திருக்கிறது, உடனே கிளம்பி வா என்று மாப்பிள்ளை எழுதினார். அடிக்கடி வரும் இரைப்புதானே என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்குச் சௌகரியமாக இருந்தது!

ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சிறு வயதில் போலவே தலையைச் சாய்த்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தாள். “ஒரு சிலிண்டர் சரியா அடிக்கலைப்பா. நான் போனப்புறம் யார் இதெல்லாம் உங்களுக்குச் சொல்லுவா?” என்று சிரித்தாள்.

யார் சொல்லுவார்கள்? எனக்கு வீட்டின் வெறுமை கண் முன்னால் வந்தது.

டாஷ்போர்டுக்கு அடியில், பெட்ரோல் வரும் குழாயில் ஒரு சிறு திருகு உண்டு. அதை மூடிவிட்டால், இருக்கிற பெட்ரோலில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு வண்டி மூச்சு முட்டி நின்றுவிடும். என் கை கீழே போயிற்று... திட்டம் போட்டுச் செய்தேனா? இல்லை. ஆனால் அந்தக் கை என்னுடையதுதானே!

ராயப்பேட்டை ரோட்டில் வண்டி இருமிற்று, குலுங்கிற்று, நின்றது.

“பெட்ரோல் வரலையோ? குழாயைப் பாக்கட்டுமாப்பா?” என்று கோமு குனியப் போனாள்.

“வேண்டாண்டி, பட்டுப்புடவை பாழாயிடும். மேக்னட்டோதான் மக்கர் பண்றது. உட்காரு, ரெண்டு நிமிஷம்” என்றேன். இறங்கிப் போய்ப் பானெட்டைத் தூக்கினேன். சரியாக இருந்தவற்றை எல்லாம் கழற்றினேன். மறுபடி மாட்டினேன்.

ஜட்கா ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. “இன்னா சாமி, வண்டி நின்னுக்கினு கீது? டேசனுக்கா? பொட்டியத் தூக்கிப் போடு, நம்ம குதிரை பறந்துக்கினு போவும்!” என்றான் வண்டிக்காரன்.

“அதுல போயிடலாமேப்பா” என்றாள் கோமு.

நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அப்போதாவது அனுப்பியிருக்கக் கூடாதா? கூடாதா! கை செய்ததை மன்னிக்கலாம் என்றே வையுங்கள். அதன் பிறகு என் வாய் சொன்னதை? “இதோ ஆயிடுத்தும்மா. நீ போப்பா, வேண்டாம்” என்று அந்த ஜட்காவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

இனி ரயில் கிடைக்காது என்று ஆன பிறகுதான் திருகைத் திறந்தேன். வண்டி கிளம்பிற்று. கோமு என் மீது கோபித்துக்கொள்ளவில்லை. முந்தானையால் என் நெற்றிக் கறையைத் துடைத்து, “பரவாயில்லைப்பா, நாளைக்குப் போறேன்” என்றாள்.

அன்று மாலை எனக்காக வத்தக்குழம்பு வைத்தாள். பழைய கதைகளைப் பேசிச் சிரித்தோம். நான் ஆனந்தமாக இருந்தேன்! இதைத்தான் சொல்லக் கூசுகிறது. உறுத்தல் ஒரு துளிகூட இல்லை. களவாடிய அந்த ஒரு மாலையை ரசித்து அனுபவித்தேன்.

மறுநாள் ரயில் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் இல்லை. எல்லாம் முடிந்திருந்தது. கடைசி வரைக்கும், “கோமு வந்தாச்சா?” என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். முந்தின நாள் கிளம்பியிருந்தால் முகத்தைப் பார்த்திருப்பாள்.

பெற்றவளை இழந்தபோது கோமுவுக்கு விவரம் தெரியாது. விவரம் தெரிந்து கிடைத்த இரண்டாவது தாயின் கடைசி நாளை நான் பறித்துக்கொண்டேன்... ஒரு வத்தக்குழம்புச் சாப்பாட்டுக்காக!

சொல்லிவிட வேண்டும் என்று எத்தனை முறை வாயெடுத்திருப்பேன்! போன வாரம் கோமு தன் குழந்தையோடு வந்தாள். இன்று காலை காருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“கோமு, அன்னிக்கு ராயப்பேட்டைல...”

“அதை நினைச்சு இன்னுமா வருத்தப்படறேள்?” என்று செம்பைக் கீழே வைத்தாள். “அம்மாவைப் பாக்க முடியலையேன்னு அழுகை வரும். அப்போல்லாம் நீங்கதான் ஞாபகத்துக்கு வருவேள். அந்த வெயில்ல, நடுத்தெருவுல, சட்டையெல்லாம் எண்ணெயா, என்னை அவாகிட்ட சேக்கறதுக்காக எவ்வளவு பாடுபட்டேள்! அதை நினைச்சாத்தாம்ப்பா எனக்கு மனசு ஆறும்.”

அவளுக்கு ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் நான் பிடுங்கிக்கொள்ளவா? அல்லது இதுவும் என் கோழைத்தனம் கண்டுபிடித்த சாக்குத்தானா? நீங்களே சொல்லுங்கள்... எனக்குத் தெரியவில்லை.

நாளை அவள் ஊருக்குத் திரும்புகிறாள். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே, “சீக்கிரமே கிளம்பிடலாம்ப்பா. இந்தக் காரை நம்ப முடியாது” என்றாள்.

“ஆமாம்மா” என்றேன்.