ஸ்ரீரங்கத்துக் கிணற்று மீன்கள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றியவன் நான். போன இடமெல்லாம் மலேரியா என்னைப் படுக்கப் போட்டது. அந்தக் கோபத்தில்தான் திருச்சியில் கொசு ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தேன். கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டுப் பார்ப்பது எங்கள் சோதனை. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடும் சம்மதிக்கவில்லை. ஒரு கிணறாவது கிடைக்காவிட்டால் சோதனையையே கைவிட வேண்டியதுதான்.

"பெருமாளுக்குத் தீர்த்தம் எடுக்கற கிணத்துல மீனா? போங்கோ!" என்றாள் ஒரு மாமி.

"பெருமாளே முதல்ல மீனாத்தானே வந்தார், மாமி?"

"அவர் புழுவா தின்னார்?" என்று சிரித்தவள், உள்ளே குளிர்காய்ச்சலில் நடுங்கிய மகளைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, மீனை விடுங்கோ."

மழைக்காலம் முழுக்க அந்தக் கிணற்றுத் தண்ணீரை மொண்டு பார்த்தேன். ஒரு புழுகூட இல்லை. எந்த வேலையிலும் தங்காத நான் இதில் தங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு மாமி வாசலுக்கே வந்து கூப்பிட்டாள்: "எங்காத்துக் கிணத்துலயும் அவரை எழுந்தருளப் பண்ணுங்கோ!"