பச்சைப் பெட்டி நாடு

எந்த நாட்டுக்குப் போகிறாய் என்று முதலாளி என் தங்கையிடம் கேட்டது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் பக்கத்து மேசைக்காரனுக்குப் போய்விடும். அன்று மாலை அவள் தோளில் மாட்டிய பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"அக்கா, உன்ன ஒருத்தர் எந்த நாட்ல இருக்கணும்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"முதல்ல அந்தப் பையக் கீழ வை. தோள் கழண்டுரப் போகுது. அப்புறம் நாடு பாக்கலாம்."

வைக்கவில்லை. அவளுக்கு வீட்டில் நண்டு என்று பெயர் வந்ததே இதனால்தான். ஓரிடத்தில் நிற்க மாட்டாள். டீயை நடந்துகொண்டே குடிப்பாள். பஸ் சிக்னலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றால் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவாள், அதே பஸ் அவளைத் தாண்டிப் போகும். எங்களோடு இருக்க வந்த பிறகு கட்டிலை ஜன்னலோரம் போட்டாள், பிறகு கதவோரம், பிறகு மறுபடி ஜன்னலோரம். "இவ கட்டிலுக்கு அடியில சக்கரம் வெச்சுக் குடுத்துரலாம்" என்பார் என் கணவர்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிக்கிறேன். நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் பிரித்து மறுபடி மடிப்பேன். என் தங்கையின் வேலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. அவள் பல் செய்கிறாள்.

பல் மருத்துவர் நோயாளியின் வாயில் எடுக்கும் அச்சு அவள் வேலை செய்யும் லேபுக்கு வரும். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பிரித்தால் அந்த ஆளின் வாய் அப்படியே கையில் வந்துவிடும். பல் இல்லாத இடத்தில் மெழுகை வைத்து, சூடு காட்டிய சின்னக் கருவியால் புதுப் பல்லை அவள் செதுக்குவாள். அதன் மேடு, பள்ளம், எதிர்ப்பல் வந்து உட்காரும் இடம் எல்லாமே மெழுகில்தான் முடிவாகும். பீங்கானாக மாறுவது அதற்கப்புறம். மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும், மேலே விரல்கள் மட்டும் அசையாது. "கடினமான வாய் என்றால் அந்தப் பெண்ணிடம் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்கள் உண்டு. இதை நான் சலவைக் கூடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், சிலரிடம் இரண்டு தடவை.

அந்த லேபுக்கு மூன்று வெளிநாடுகளிலிருந்து வேலை வருகிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறப் பெட்டி: நீலம், மஞ்சள், பச்சை. லேபில் யாரும் நாட்டின் பெயரைச் சொல்வதில்லை, பெட்டியின் நிறத்தைத்தான் சொல்வார்கள். இனி அந்தந்த நாட்டிலேயே பாதி வேலையைச் செய்யப்போகிறார்களாம். அதற்குத்தான் ஆள். தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் என் தங்கைக்கு.

"மாமா, நீங்க சொல்லுங்க" என்று என் கணவரைப் பிடித்தாள். அவர் டாக்ஸி ஓட்டுகிறவர்.

"எந்த நாட்ல ரோட்டுல குழி இல்லியோ அங்க போ."

"மூணுலயும் இல்லையாம்."

"அப்ப மூணுலயும் டாக்ஸிக்காரன் சந்தோஷமாத்தான் இருப்பான். கண்ண மூடிக்கிட்டு ஒண்ணத் தொடு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிற ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு துணிப்பையில் பிளாஸ்டர் வாய்களைத் தூக்கிக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் நிறவாரியாக அடுக்கினாள். என் கணவர் தட்டோடு எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார்.

"அக்கா, கண்ணால பாக்காத. விரலால தடவிப் பாரு."

மஞ்சள் பெட்டியின் கடைவாய்ப் பற்கள் தேய்ந்து, தரையில் போட்ட கல்போலச் சமமாக இருந்தன. "ராத்திரியெல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டே கிடக்குறாங்க. பாவம், என்ன கவலையோ." நீலப் பெட்டி அதைவிடக் கொஞ்சம் தேவலை, ஆனால் ஓரங்கள் சில்லுச் சில்லாக உடைந்திருந்தன. பச்சைப் பெட்டி வாய் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். மேடெல்லாம் மேடாக, பள்ளமெல்லாம் பள்ளமாக இருந்தது.

"இது சின்னப் பிள்ளை வாயா?"

"ஐம்பது வயசு ஆளு! சீட்டுல போட்டிருக்கு. வர்ற வாயெல்லாம் இப்படித்தான்க்கா. நடுக்குழிக்குப் பக்கத்துல மெலிசா ஒரு வரி போகுதே, தெரியுதா? அந்த நாட்டு ஆளுங்களுக்கே உள்ளது. வேற எந்தப் பெட்டியிலயும் நான் பாத்ததில்ல." அவள் குரல் தாழ்ந்தது. "அம்பது வருஷம் ஒரு ஊர்ல இருந்தும் பல்லு தேயலன்னா, அந்த ஊர்ல மனுஷன் நிம்மதியாத் தூங்குறான்னு அர்த்தம். எனக்கு அப்படி ஒரு இடம் வேணும். ஒரு இடத்துல போய் உக்காந்தா, எழுந்திருக்கத் தோணக் கூடாது."

அந்த வாயை நான் இன்னொரு முறை விரலால் தடவிப் பார்த்தேன். நாடு தேர்ந்தெடுப்பதற்கு இதைவிட நல்ல வழி இருக்க முடியாது என்றே நான் நம்பினேன். மறுநாள் சலவைக் கூடத்தில் சொல்லவும் செய்தேன்.

புதன்கிழமைக்குள் பாதி உடைமைகளைத் தானம் செய்துவிட்டாள். குளிர்காலப் போர்வையை மாடிவீட்டுக்குக் கொடுத்தாள். கட்டிலை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டாள். "படுக்குறதுக்காவது வெச்சுக்கோ, இன்னும் நீ போகல" என்றேன்.

வியாழக்கிழமை மாலை பச்சைப் பெட்டி லேபிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். பச்சையாகத்தான் இருக்கும் என்று அவள் சொல்லிவைத்திருந்ததால், கூட வேலை செய்யப்போகிறவளோடு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று முதலாளி செய்த ஏற்பாடு. சாப்பாட்டு மேசையில் போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்தோம். திரையில் எங்களைவிட மூத்த ஒரு பெண், நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடியோடு. பல வருஷங்களுக்கு முன் இங்கிருந்து போனவள். அங்கே மெழுகு வேலை முழுக்க அவள் கையில்தான்.

நண்டு வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அக்கா, உங்க ஊர்ல எல்லாரும் நல்லாத் தூங்குவாங்களா?"

"என்னது?"

"இல்ல... பல்லெல்லாம் தேயாம இருக்கே. நான் இங்க எத்தனை வாய் பாத்திருக்கேன்!"

அந்தப் பெண் நாற்காலி பின்னால் சாய்கிற அளவுக்குச் சிரித்தாள்.

"அடியே, அது அவங்க பல்லே இல்ல! இங்க வர்ற வாய்ல முதல்ல நான் மெழுகு வெச்சு, எப்படி இருக்கணுமோ அப்படிச் செதுக்குவேன். அதுல இன்னொரு அச்சு எடுத்துத்தான் உங்களுக்கு அனுப்புவோம். அதப் பாத்து நீங்க பண்ணணும்னு. யாரும் சொல்லலியா?"

"இல்ல."

"நிஜ வாய் பாக்குறியா? இரு." அவள் ஒரு பிளாஸ்டர் வாயைத் திரைக்கு முன் நீட்டினாள். மஞ்சள் பெட்டியைவிட மோசம். "பஸ் ஓட்டுறவர். தூக்கமாம் தூக்கம்! இங்க எவன் தூங்குறான்? வீட்டு வாடகைய நெனச்சாலே பல்லு தானாக் கடிச்சுக்கும். என் வாயத் திறந்து காட்டவா?"

"அப்ப அந்த வரி? நடுக்குழிப் பக்கத்துல..."

"அட, அதையும் பாத்துட்டியா! தேவையில்லாத வரிதான். கருவியத் திருப்பும்போது என் கை இழுத்துரும். பழக்கம், போக மாட்டேங்குது."

நண்டு எழுந்து உள்ளே ஓடினாள். பச்சைப் பெட்டி வாய்களை எல்லாம் அள்ளிவந்து விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு நாடு முழுவதும் என்று அவள் நினைத்தது ஒரே ஒருத்தியின் கை. நிம்மதியான மனிதர்கள் வாழும் அந்த ஊர் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே காணாமல் போனது. அவளுடைய காது மடல் சிவந்துவிட்டது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் போனை அணைக்கக் கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

"ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் எடுக்குது உங்களுக்கு?" அவள் குரல் மாறியிருந்தது.

"பல்லுக்குப் பல்லு மாறும். ஏன்?"

"மேல் கடைவாய்ல அந்தச் சரிவ எப்படி ஒரே இழுப்புல கொண்டுவர்றீங்க? நான் மூணு தடவை சூடு பண்ண வேண்டியிருக்கு."

"அது வாயால சொன்னா வராது."

"வரியில்லாம நான் செதுக்கிக் காட்டுறேன். உங்களவிடச் சுத்தமா."

"ஓஹோ! போன்ல எல்லாரும் சூரப்புலிதான். வா, வந்து செஞ்சு காட்டு, பாக்கலாம்."

"வர்றேன்."

போன் அணைந்ததும் நான் அவளை உட்கார வைத்தேன். அதாவது, உட்கார வைக்கப் பார்த்தேன். "நிம்மதியா ஒரு இடத்துல உக்காரணும்னுதானடி போறேன்னு சொன்ன? அங்கதான் நிம்மதி இல்லன்னு அவளே சொல்றாளே."

"மூணு ஊர்லயும் இல்லக்கா. இங்கயும் இல்ல." கையிலிருந்த வாயை அவள் கீழே வைக்கவேயில்லை. "இப்படி ஒரு கை மத்த ரெண்டு ஊர்ல இருக்கான்னு எனக்குத் தெரியல. அங்க இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அது போதும்."

விரிப்பின் மூலை சரியாக உட்காராதபோது எனக்கு ஏற்படும் குறுகுறுப்பு அவள் முகத்தில் இருந்தது. அதைப் பிரித்து மடிக்காமல் விட என்னாலேயே முடியாது.

வெள்ளிக்கிழமை நானும் லேப் வரை கூடப் போனேன். முதலாளி, "ஏன் பச்சை?" என்று கேட்டார். "ஒரு சண்டை பாக்கியிருக்கு, சார்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இடம் அவளுக்கே என்று முடிவானது.

வெளியே வந்ததும் வழக்கம்போல ஏறக்குறைய ஓடினாள். நான் மூச்சு வாங்கப் பின்னால் போனேன். தெருமுனையில் சட்டென்று நின்று திரும்பினாள்.

"அக்கா, அங்க குளிருமா?"

"என்னடி கேக்குற? இவ்வளவு பேசினியே, அத அவகிட்டக் கேக்கலியா?"

"மறந்துட்டேன். போர்வைய வேற குடுத்துட்டேன்."

நடைபாதையில் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போக, அவள் அங்கேயே நின்று போனை எடுத்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.