ரமணி மிஸ்ஸும் நத்தைக் கேள்வியும்

மீஞ்சூர் ரயில் நிலையத்தில் நின்றிருந்தபோது எங்கள் பழைய மாணவி தேவி போனில் அழைத்தாள். "ரமணி மிஸ் போயிட்டாங்க மிஸ்" என்று அழுதாள். பழவேற்காட்டுப் பக்கத்துப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை ரமணியும் வேதியியல் ஆசிரியையான நானும் பல ஆண்டுகள் ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டவர்கள். அவரை நினைவுகூர இங்கே கூடியிருக்கும் உங்களிடம் ஒரு மாலையைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது.

பிளஸ் டூவில் இயற்பியலில் மட்டும் தேவி தேறவில்லை. துணைத் தேர்வுக்கும் அவள் விண்ணப்பிக்கவில்லை என்று தெரிந்ததும், ரமணி என்னையும் அழைத்துக்கொண்டு அவள் ஊரான கோட்டைக்குப்பம் போனார். வலைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த தேவியின் அப்பா எழுந்து நாற்காலி போட்டார்.

"போதும் டீச்சர். கம்பெனி வேலைக்கு அனுப்பலாம்னு இருக்கேன். இதப் படிச்சி இன்னா பண்ணப் போவுது?"

ரமணி தேவியின் பக்கம் திரும்பினார். "எந்தப் பாடத்துலம்மா மாட்டிக்கின?"

"இழுப்புத் திசைவேகம் மிஸ். கம்பியில எலக்ட்ரான் நத்தைய விட மெதுவா போவுதுனு நடத்தினீங்க. அப்ப டார்ச் போட்டதும் பல்பு எப்படி உடனே எரியும்? எனக்குத்தான் புரியலனு அந்தப் பாடத்தையே விட்டுட்டேன். அப்புறம் எதுவும் ஏறல."

"உனக்குச் சரியாத்தான் புரிஞ்சிருக்கு" என்றார் ரமணி. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

வாசல் குழாயில் மாட்டியிருந்த நீண்ட ஓஸின் மறுமுனையை அப்பாவின் கையில் கொடுத்தார். ஓஸ் காலியாக இருந்தது. தேவி குழாயைத் திறந்தாள். தண்ணீர் அவரிடம் வந்துசேரச் சற்று நேரமானது. மூடிவிட்டு, உள்ளே இருக்கும் தண்ணீர் வடிந்துவிடாதபடி முனையை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி, மறுபடி திறக்கச் சொன்னார் ரமணி. திறந்த கையோடு அப்பாவின் சட்டை நனைந்தது. தேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இப்ப உங்க மேல பட்டது குழாய்லேர்ந்து ஓடிவந்த தண்ணி இல்லண்ணா. உங்க கைகிட்டயே நின்ன தண்ணி. கம்பியிலயும் முழுக்க எலக்ட்ரான் ஏற்கெனவே இருக்கு. சுவிட்ச் போட்டதும் எல்லாத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல தள்ளு கிடைக்குது. ஒவ்வொண்ணும் மோதி மோதி மெதுவாத்தான் நகரும். ஆனா பல்புகிட்ட இருக்கறதும் அப்பவே நகர ஆரம்பிச்சிடும்."

அப்பா சட்டையைப் பிழிந்தார். "இதக் கேட்டதுக்கா இது பெயிலாச்சி?"

"கேக்காம விட்டதுக்கு."

அவர் மகளைப் பார்த்துவிட்டு ரமணியிடம் திரும்பினார். கேட்டார்: "பரிச்சை எப்போ டீச்சர்?"

தேவி தேறினாள். இப்போது கல்லூரியில் இயற்பியல்தான் படிக்கிறாள், இறுதியாண்டு. ரமணியின் இறுதிச் சடங்குக்குப் பசியாவரம் தீவிலிருந்து படகில் வந்த பழைய மாணவிகளை அவள்தான் அழைத்துவந்தாள்.

"புரியலன்னா, புரியலனு சத்தமா சொல்லு" என்பார் ரமணி. நேற்று என் வகுப்பில், மணி அடிக்கிற நேரத்தில், ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். நான் சாக்பீஸை வைத்துவிட்டு அவளருகே போய் நின்றேன். ரமணியிடமிருந்து எனக்கு வந்தது அப்படி நிற்கும் பழக்கம். அவள் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நாளை இருவரும் சேர்ந்து தேடப்போகிறோம்.