வடிவம்மா வீட்டு மெட்ராஸ் பயணம்

கண்டி கொட்டுகொடல்ல வீதியில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என் கடை. ஒரு மேசை, ஒரு தட்டச்சு மெஷின், விமான டிக்கட் பதிகிற புத்தகம், அவ்வளவுதான். படிவமோ கடிதமோ, பாரூக் நானாவிடம், அதாவது என்னிடம், போனால் வேலை முடியும் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலைக்கனம் ஏறியது. அதில் மாட்டிக்கொண்டது நானல்ல, வடிவம்மா.

வடிவம்மா எதிர்ப் புடவைக்கடை வீரய்யாவின் மனைவி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பாள். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தால் கண்டிப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவள் தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு போவார்கள். வாய் கொஞ்சம் நீளம். "நானா, இந்த மேசையத் தூசி தட்டிப் பாருங்க, உள்ள இன்னொரு மேசை இருக்கும்" என்று நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவாள்.

தொண்ணூற்றேழாம் வருடம் தை மாதம் முழுக்க மழை. அவளுடைய சின்ன மகளுக்கு இழுப்பு விடவே இல்லை. கொஞ்ச நாளைக்கு நல்ல வெயிலுள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார் டொக்டர். ஏப்ரல் விடுமுறைக்கு மெட்ராஸ் போவோம் என்று வீரய்யா சொல்லிவிட்டார். மெட்ராஸுக்குப் பக்கத்தில் புதிது புதிதாகத் தண்ணீர் விளையாட்டுப் பூங்காக்கள் திறந்துகொண்டிருந்த காலம் அது. படம் போட்ட தாள் ஒன்றை நான்தான் கொடுத்தேன். மூன்று மாடி உயரச் சறுக்கு, மெஷின் வைத்துக் கிளப்புகிற அலை. ஒரு வாரமாக அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. எந்தப் பார்க்குக்கு முதலில் போவது, எத்தனை சோடி உடுப்பு, புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாமா. வடிவம்மா மட்டும் அதில் வாயே திறக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒரு பகல் தனியாக வந்தாள்.

"நானா, நான் வீட்டுலயே நின்னுக்கறேன். அவங்க மூணு பேருக்கும் மட்டும் பாஸ்போட்டு எடுங்க."

"ஏன் தங்கச்சி, பிளேனுக்குப் பயமா?"

பயம் பிளேனுக்கில்லை. அவள் ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எண்பத்திரண்டில் அவளுடைய அப்பா, அந்தக் காலத்துத் தோட்டத்து ஆட்கள் பலரையும் போல, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விடுவதென்று இந்தியப் பாஸ்போட் எடுத்திருந்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளையாக அவள் பெயரும் அதில் இருந்தது. புறப்படுவதற்குள், எண்பத்துநாலில், இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்றுபோனது. அப்பாவும் செத்துப்போனார். பாஸ்போட் மட்டும் தகரப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. கல்யாணத்தின்போதே வீரய்யாவிடம் சொன்னாளாம். "அதெல்லாம் யாரு கேக்கப் போறா" என்று சிரித்தவர், அதோடு மறந்தும் போனார்.

மலைநாட்டில் அப்படி எத்தனையோ பெட்டிகள். கேட்காதவரை யாரும் திறந்து காட்டுவதில்லை. அது ஏனென்று கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் நாலு தலைமுறையாக இருக்கிற எனக்கு எங்கே தெரியும்? நீ எந்த நாட்டுக்காரன் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லையே.

"பாஸ்போட்டுக்கு எழுதினா பழசக் காட்டச் சொல்லுவாங்க. காட்டினா என்னையப் புடிச்சு அனுப்பிட்டாங்கன்னா? எம் புள்ளைகள விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றாள்.

"என்ன புள்ள பேசுறீங்க? ஒளிச்சு வெச்சாத்தான் குத்தம். புருஷன் இந்த நாட்டுக்காரர், புள்ளைகள் ரெண்டும் இங்கதான் பொறந்தது, பழைய பாஸ்போட்ட ஒப்படைக்கிறேன் எண்டு நேரா எழுதுவோம். எழுதுறது பாரூக். சும்மா இரிங்க."

"வேணாம் நானா."

இரண்டு நாள் வரவில்லை. அம்மா இல்லாமல் நானும் போகமாட்டேன் என்று சின்னவள் சோறு தின்னாமல் கிடந்தாளாம். மூன்றாம் நாள் பாஸ்போட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும், இடியட் மாதிரி, தட்டச்சில் தாளைச் செருகினேன்.

மற்ற மூவரின் பாஸ்போட்டுகளும் வந்தன. அவளுக்கு ஒன்றுமில்லை. பிறகு கிராம சேவகர் புடவைக்கடைக்கு வந்து, வடிவம்மா எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். அடுத்த வாரம் பொலிஸிலிருந்து ஒருவர் வந்தார். அதே கேள்வி. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு கதவு தட்டுகிற சத்தம் கேட்டாலே வடிவம்மா தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். என்னைக் கிண்டல் பண்ணுவதையும் விட்டுவிட்டாள்.

"எல்லாரிட்டயும் கேக்கிறதுதானே" என்றேன்.

மார்ச் கடைசியில் கொழும்பிலிருந்து சிங்களத்தில் கடிதம். என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவந்தார்கள். இந்தியப் பிரஜையான இவர் விசா இல்லாமல் பதின்மூன்று வருடம் தங்கியிருக்கிறார், ஏப்ரல் முடிவதற்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும், திரும்பி வர அனுமதி இல்லை. ஆதாரம், அவரே கையெழுத்து வைத்து அனுப்பிய கடிதம். நான் அடித்த கடிதம்!

வீரய்யா என் சட்டையைப் பிடித்தார். இரண்டு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் அழுதார். லோயரிடம் ஓடினோம். கொழும்புக்கு மூன்று தரம் போனோம். எந்த மேசைக்குப் போனாலும் என் கடிதத்தின் பிரதி எங்களுக்கு முன்பே அங்கே இருந்தது. அதைத் தட்டிக் காட்டி, "இதற்குமேல் நாங்கள் என்ன செய்ய?" என்றார்கள்.

ஏப்ரல் பத்தாம் திகதி காலையில் வடிவம்மா, இந்தியத் தூதரகம் கொடுத்த பயணத் தாளோடு வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

"டிக்கட் போடுங்க நானா."

"எங்க தங்கச்சி?"

"மெட்ராஸுக்குத்தான். பொலிசு வந்து என்னைய இழுத்துட்டுப் போறத எம் புள்ளைக பாக்கக் கூடாது. சொன்ன மாதிரியே கூட்டிட்டுப் போய்ப் பார்க்கு, கடலு எல்லாம் காட்டுறேன். கடைசி நாளு சொல்லிக்கறேன்." பிறகு விரல் விட்டு எண்ணுவதுபோல மெதுவாகச் சொன்னாள். "போக நாலு பேரு. வர மூணு பேரு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மன்னிச்சிருங்க என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"சின்னவளுக்கு ஜன்னல் சீட்டுத்தான் வேணுமாம். போகும்போது ஜன்னல்கிட்ட போட்டு, பக்கத்துல எனக்குப் போடச் சொல்லுங்க" என்றாள். "வரும்போது வேணாம் நானா. கீழ பாத்துக்கிட்டே அழுவா."

சரி என்றேன்.