மாரிசெல்வி போட்ட கூடுதல் சிட்டிகை

அச்சங்குளம் பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருசமாக வெடிக்குள் மருந்து செலுத்துகிறவள் மாரிசெல்வி. அவள் கைக்குத் தராசே தேவையில்லை என்பார்கள். அந்தப் பேச்சு அவள் தலைக்கும் கொஞ்சம் ஏறியிருந்தது, பொய் சொல்வானேன்!

தீபாவளி முடிந்தால் அங்கே அறுபது பெண்கள் வேலையில்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். இந்த வருசம் பட்டாளத்து ஆர்டர் ஒன்று வந்தது. வீரர்களின் பயிற்சிக்குச் சத்தம் மட்டும் எழுப்புகிற வெடி. சோதனையில் தேறினால் வருசம் முழுக்க வேலை. மாரிசெல்விக்கு இருப்புக் கொள்ளவில்லை. நம்ம ஊர்ச் சத்தம் பட்டாளத்துக்கும் கேட்கட்டுமே என்று, மாதிரி வெடி ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டுவிட்டாள்.

சோதனைக்கு மேஜர் ஹரிபிரசாத் வந்தார், மதுரைப் பக்கத்துக்காரர். கரிசல் பொட்டலில் முதல் வெடியைப் போட்டார்கள். அடேயப்பா, என்ன சத்தம்! பெண்களுக்கு ஒரே குதூகலம். மேஜர் முகமோ சுண்டிவிட்டது. சத்தம் அளக்கும் கருவியைக் காட்டி, கேட்ட அளவைத் தாண்டிவிட்டது என்றார். மேனேஜர் அழகுராஜா வெயில், காற்று என்று என்னென்னவோ சொல்லிச் சமாளித்துப் பார்த்தார்.

காரணம் மாரிசெல்விக்குத் தெரியும். வாயைத் திறந்தால் அறுபது பேர் பிழைப்பிலும் மண் விழலாம். ஆனாலும் முன்னால் வந்தாள்.

"நாந்தான் சார் கூடப் போட்டேன். சத்தம் நல்லா வரட்டும்னு போட்டுட்டேன்."

மேஜர் கருவியைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்தார். "நீங்க என் படையாள் இல்லம்மா, உங்களுக்கு நான் உத்தரவு போட முடியாது. ஆனா இது எங்க பையங்க காதுகிட்ட வெடிக்கும். கேட்ட அளவுல செஞ்சு தருவீங்களா?"

மிச்ச மாதிரிகளைத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, மூன்று நாளில் புதிதாகப் பத்து வெடி செய்தாள் மாரிசெல்வி. மறுபடி வந்த மேஜர், வீரன் நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னார். கூட வந்த சிப்பாயை விலக்கிவிட்டு, அந்தக் கோட்டில் தானே போய் நின்றார்.

மாரிசெல்வி விறுவிறுவென்று நடந்தாள். அழகுராஜா கூப்பிட்டதை அவள் காதிலேயே வாங்கவில்லை.

"நான் செலுத்துனதுதான சார். நானும் நிக்கேன்."

மேஜர் மறுக்கவில்லை, காதடைப்பான் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பத்தும் வெடித்து முடியும்வரை அவள் இம்மியும் அசையவில்லை. கருவியில் அளவு சரியாக இருந்ததைப் பார்த்துவிட்டு மேஜர் அழகுராஜாவிடம் திரும்பினார். ஆர்டர் உறுதி, ஆனால் ஒவ்வொரு லோடும் கிளம்புமுன் சோதனையில் இந்தம்மா கோட்டில் நிற்க வேண்டும், நானும் வந்து நிற்பேன் என்றார்.

"நிக்கேன் சார்" என்றாள் மாரிசெல்வி. காதடைப்பானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அழகுராஜாவிடம் ஒரு தராசு கேட்டாள்.