சுடாத கால்

ஈப்போவுக்கு மேல மலையில இருக்குற எங்க தேயில எஸ்டேட்டு மாரியம்மன் கோயில் தீமிதியில மூணு தடவ பூக்குழி இறங்குனவன் நான். மத்தவன்லாம் குதிச்சு ஓடுவான். நான் மட்டும் டவுனுக்குச் சாமான் வாங்கப் போறவன் மாதிரி மெதுவா நடந்து வந்தேன். கொஞ்சம்கூடச் சுடல. அவ்வளவு பக்தி.

பொய் லா. முதல் ரெண்டு தடவ நானும் குரங்கு மாதிரி குதிச்சவன்தான். மூணாவது தடவ சுடாததுக்குக் காரணம், காலுல உணர்ச்சியே இல்ல. இனிப்பு நீர், அதான் சக்கர வியாதி, நரம்பத் தின்னுட்டுப் போயிருச்சு, எனக்குத்தான் தெரியல.

நான் படிச்சது மூணாங்கிளாஸ் வரைக்கும். நான் பேசப் பேச என் மக போன்ல தட்டுது. உங்களுக்கும் இனிப்பு நீர் இருந்து, கால் மரமரன்னு இருந்தா, உங்களுக்குத்தான் சொல்றேன்.

எனக்கு வேல மெஷின்ல கொழுந்து வெட்டுறது. நெரைக்கு இந்தப் பக்கம் நான் பிடிப்பேன், அந்தப் பக்கம் கரீம், பங்களாதேஷ்காரன். வேல இல்லாத நாள்ல கோயில்ல உறுமி அடிப்பேன். உறுமி அடிக்கிறப்ப பொண்டாட்டி திட்டுறது காதுல விழாது. உடம்புக்கு நல்லது.

போன வருசம் அந்த மூணாவது தடவ பூக்குழி தாண்டுனதும் கோயில் தலைவர் எனக்கு மாலை போட்டாரு. கூட நின்ன ராமையா மாமா, எங்க கங்காணி, வருசா வருசம் முதல்ல இறங்குறவரு. "இவனுக்குத்தான்டா அருள்"னு கத்துனாரு. சனம் என் காலத் தொட்டுக் கும்பிட்டுச்சு. என் மாமியாகூட கும்பிட்டுச்சு. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

நாலாம் நாள் மத்தியானம் பூட்ஸக் கழட்டுறேன், கரீம் மூக்கப் பொத்துறான். "அண்ணே, உள்ள எலி செத்துப்போச்சு." பூட்ஸக் கவுத்துத் தட்டுனோம். எலி இல்ல. என் உள்ளங்கால்தான். கொப்புளம் உடைஞ்சு, கட்டவிரல் கறுத்துப்போய்க் கெடக்கு. பாக்குறேன், வலிக்கல. யாரோ ஒருத்தன் காலப் பாக்குற மாதிரி இருக்கு.

அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கணும். போகல. ஏன்னா எங்க லயத்து வீடுகள்ல பூக்குழியில கால் வெந்தா ஒரே பேச்சுதான்: விரதத்துல திருட்டுத்தனமா கறி தின்னுட்டான். மாலை வாங்குன கழுத்து, எப்படி லா சொல்றது? மஞ்சள அப்பி, ரெண்டு சாக்ஸ் மாட்டி, மறுபடி பூட்ஸுக்குள்ள விட்டேன். என் பொண்டாட்டி செல்வி கேட்டப்ப, "அட்டை கடிச்சிருச்சு"ன்னேன். அப்படியே ஒரு வாரம் வேலைக்குப் போனேன்.

அப்புறம் குளிர்காய்ச்சல். நெர நடுவுல மெஷின விட்டுட்டு விழுந்தேன். கரீம் என்ன முதுகுல தூக்கி லோரி வரைக்கும் கொண்டுபோனான். வழியெல்லாம் அவன் பாஷையில திட்டுனான். புரியல, ஆனா நியாயமாத்தான் திட்டியிருப்பான்.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா, ஈப்போ பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. என்னைக் கண்ண மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு மாதிரி ஒண்ணால காலத் தொடுறேன், தெரிஞ்சா சொல்லுங்கன்னாங்க. நான் "ஆமா… ஆமா… இப்ப ஆமா"ன்னு அடிச்சுவிட்டேன்.

"அண்ணே, நான் இன்னும் தொடவே இல்ல."

"டாக்டர், எனக்கு அம்மா அருள் இருக்கு. அதான் சுடல."

"அருள் இருக்கட்டும். சக்கர எவ்வளவு இருக்குன்னு என்னிக்காவது பாத்தீங்களா?"

நியூரோபதியாம் (சக்கரையால நரம்பு மரத்துப் போறது). விரல்ல வந்தது கேங்கிரின் (சதை செத்து அழுகுறது). கட்டவிரலும் பக்கத்து விரலும் போச்சு. இன்னும் ரெண்டு நாள் ஒளிச்சு வெச்சிருந்தா முழங்கால் வரைக்கும் எடுக்கவேண்டி வந்திருக்கலாம்னாங்க.

செல்வி கட்டில் பக்கத்துல நின்னு அழல. "ஊர் வாய்க்குப் பயந்து காலக் குடுத்துட்டுப் படுத்திருக்கீங்க. நாளைக்குக் கட்டைக்கால்ல நடந்தா அந்த ஊரா வந்து தூக்கும்?" அது சொன்னது டாக்டர் வெட்டுனத விட ஆழமா எறங்குச்சு. இது நல்லாவே வலிச்சுது.

வீட்டுக்கு வந்தா, நெனச்ச மாதிரியே கறிப் பேச்சு. எனக்கு ரோசம் வந்துருச்சு. தடிய ஊனிக்கிட்டு நேரா காக்கா கடைக்கு, அதான் எங்க முஸ்லிம் டீக்கடைக்குப் போனேன். நானும் ராமையா மாமாவும் தெனம் உக்காருற மேசைக்கு முன்னால நின்னு, காலத் தூக்கி நாக்காலி மேல வெச்சேன்.

"நல்லா பாருங்க. கறி தின்னு வந்தது இல்ல இது. இந்த மேசையில நாளுக்கு எட்டு கிளாஸ் டின்பால் ஊத்தி ஆத்துன தே தாரிக் டீ குடிச்சு வந்தது. என்கூட உக்காந்து அதே எட்டு குடிச்சவங்களும் இங்க இருக்காங்க. போய் ரத்தம் செக் பண்ணுங்க."

மாமா கிளாஸக் கீழ வெச்சாரு. "வேணாம் வேணாம், எனக்கு ஒண்ணும் இல்ல" அப்படின்னாரு. அப்புறம் மறுபடி எடுத்துக் குடிச்சாரு.

இப்ப நான் தே ஓ கொசோங்தான். சக்கர, பால் ரெண்டும் கிடையாது. முன்னெல்லாம் காலையில சங்கு ஊதுனா என் நாள் ஆரம்பிக்கும். இப்ப மொகம் பாக்குற கண்ணாடியத் தரையில வெச்சு உள்ளங்காலப் பாத்தாத்தான் ஆரம்பிக்குது. நாப்பத்தெட்டு வருசமா என்னைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச காலுக்கு இப்பத்தான் நான் மொகம் குடுக்குறேன். என் மூஞ்சியப் பாக்குறதுக்கு அதப் பாக்குறது பரவால்ல. வலிக்காத எடத்தக் கண்டாத்தான் இப்பப் பயம். போன மாசம் குதிங்கால்ல முள்ளு குத்தி லேசா சுருக்குன்னுச்சு. லாட்டரியில நம்பர் அடிச்சவன் மாதிரி செல்விகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன்.

போன வாரம் இந்த வருசத் திருவிழா. எனக்கு ஆஸ்பத்திரியில குடுத்த மெத்துச் செருப்பு, அது இல்லாம வெளிய நடக்கக் கூடாது. மாமா பிடிச்சுக்கிட்டாரு: "டேய் குமாரு, கோயிலுக்குள்ள செருப்போட உறுமி அடிக்க விடமாட்டேன்."

"சரி மாமா, நான் வாசலுக்கு வெளிய நிக்கிறேன். சத்தத்துக்குச் செருப்பு கிடையாது, அது உள்ள வரும். மிச்சம் இருக்குற எட்டு விரலக் காப்பாத்துறதுதான் இந்த வருசம் என் விரதம்."

நின்னேன். தூத்தல், பனி. உறுமித் தோல் ஈரமாயிருச்சு, விடல. அடிச்ச அடியில உள்ள சாமி ஆடுனவங்க வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. பூக்குழி இறங்குன ஈரக்காலோட ராமையா மாமாவும் கைய ஓங்கிக்கிட்டு என்கிட்ட வந்தாரு, வந்து என்ன சொன்னாருன்னா…

இரும்மா. பின்கதவ யாரோ தட்டுறாங்க.

"குமாரு… சத்தம் போடாதடா. செல்விய உள்ள போகச் சொல்லு. இந்தக் கால்… நாலு நாளா ஒரு மாதிரி நாத்தமடிக்குது. வலியே இல்லடா எனக்கு."

மகளே, தட்டுறத நிறுத்திட்டு லோரிக்காரனுக்குப் போன் போடு. மாமா, நடக்காதீங்க. அங்கேயே நில்லுங்க, நான் வர்றேன்.